டர்போ தேய்ந்துவிட்டதா? பழுது பார்க்கலாமா, மாற்ற வேண்டுமா: அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் வழி

"டர்போ போயிடுச்சு சார், மாத்தணும்." இதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்காத கார்க்காரர் கிடையாது. ஆனால் இப்படித் தீர்ப்பு எழுதப்படும் டர்போக்களில் பல உண்மையில் நன்றாகவே இருக்கும். எங்கோ ஒரு ஹோஸ் கீறியிருக்கும், அல்லது விரல் தடிமன்கூட இல்லாத ஒரு வேக்கம் (வெற்றிட உறிஞ்சல்) குழாய் காய்ந்து வெடித்திருக்கும். நிஜமாகவே போன டர்போவிலும் வயதாகித் தானாகத் தேய்ந்து போனவை குறைவுதான். அழுக்கு ஆயிலோ, ஃபில்டரைத் தாண்டி வந்த தூசியோ, அடைத்துக்கொண்ட சைலன்சரோ அதைக் கொன்றிருக்கும்.

அதனால் "பழுதா, மாற்றா" என்ற கேள்விக்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. டர்போ செத்துவிட்டதா? செத்திருந்தால் யார் கொன்றது? இரண்டாவதற்குப் பதில் தெரியாமல் புது டர்போ மாட்டினால், அதே கொலைகாரனிடம் இன்னொரு ஆளை ஒப்படைக்கிறோம் என்று பொருள்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான். ஒரே ஷாஃப்ட்; ஒரு முனையில் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன் வீல், மறுமுனையில் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் கம்ப்ரஸர் வீல். நடுவில் பேரிங்குகள் உட்கார்ந்திருக்கும் உடல். இரண்டு வீலும் ஷாஃப்டும் பேரிங்கும் சேர்ந்த அந்த நடுப்பகுதியைத்தான் கோர் என்கிறார்கள். கார் டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். சின்ன டர்போக்கள் அதற்கும் மேலே போகும். டர்பைன் பக்கம் வரும் வாயுவின் வெப்பம் டீசலில் 800 டிகிரி செல்சியஸைத் தொடலாம், பெட்ரோலில் 950ஐயும் தாண்டலாம். பெரும்பாலான டர்போக்களில் ஷாஃப்ட் பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. அந்தப் படலம் சில நொடிகள் இல்லாமல் போனாலே போதும், உலோகமும் உலோகமும் உரசிவிடும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு விஷயம்தான் அடிப்படை.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

ஆயில் அளவைப் பாருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். டர்போவிலிருந்து, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் குழாய்களின் கிளாம்ப்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

அப்புறம் ஸ்கேனர். பி0299 என்ற கோட் வந்தால் பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) குறைவு, பி0234 என்று வந்தால் பூஸ்ட் அதிகம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பி0299 "டர்போ கெட்டுவிட்டது" என்று சொல்லவில்லை. "நான் கேட்ட அளவு அழுத்தம் வரவில்லை" என்று மட்டும்தான் என்ஜின் கம்ப்யூட்டர் புகார் செய்கிறது. ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு, லைவ் டேட்டாவில் கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் ஒருவர், திரையைப் பார்ப்பவர் இன்னொருவர். என்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆனில் இருக்கும்போது பூஸ்ட் சென்சார் அங்குள்ள காற்றழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும்; கடல் மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல், உயரமான இடத்தில் அதைவிடக் குறைவு. அதில் அபத்தமான எண் வந்தால் சென்சாரே பொய் சொல்கிறது, டர்போவை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: வண்டி இழுக்கவில்லை, டீசலில் கறுப்புப் புகை

கறுப்புப் புகை என்றால் டீசல் போகிற அளவுக்குக் காற்று போகவில்லை. காற்று எங்கே தொலைகிறது என்று தேட வேண்டும்.

முதல் சந்தேகம் பூஸ்ட் குழாயில் கசிவு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது "உஸ்ஸ்" என்று காற்றுப் போகும் சத்தம் கேட்கும். இணைப்புகளில் ஆயில் ஈரம் படிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். பெரும்பாலும் அதுதான் கசியும் இடம். குழாய்களின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், மேலே நன்றாக இருப்பது கீழே பிளந்திருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் புகை விட்டுப் பார்க்கும் சோதனை, அல்லது குழாய் வழியை அடைத்து அளவான அழுத்தத்தில் காற்று ஏற்றி சோப்புத் தண்ணீர் தெளிக்கும் பழைய முறை. இன்டர்கூலரின் பிளாஸ்டிக் ஓரங்களையும் விட்டுவிடாதீர்கள்.

என் வண்டியிலேயே இது நடந்தது. டர்போ மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். மனசு கேட்காமல் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் பூஸ்ட் ஹோஸைக் கையில் எடுத்து லேசாக வளைத்தார். நேராக இருக்கும்போது தெரியாத ஒரு வெட்டு வாயைத் திறந்தது. வண்டி நின்றிருக்கும்போது அது மூடியிருக்கும், பூஸ்ட் ஏறினால் திறக்கும். ஹோஸை மாற்றினோம், விஷயம் முடிந்தது. அன்றிலிருந்து ரப்பர் ஹோஸை வெறுமனே பார்ப்பதில்லை, வளைத்துப் பார்க்கிறேன்.

குழாய் சரி என்றால் அடுத்து ஆக்சுவேட்டர், அதாவது தண்டை நகர்த்தி பூஸ்டைக் கட்டுப்படுத்தும் பாகம். வேக்கத்தில் இயங்கும் வகை என்றால் கையால் அடிக்கும் வேக்கம் பம்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். தண்டு தடங்கல் இல்லாமல் நகர வேண்டும், இழுத்த இடத்தில் நிற்க வேண்டும். மெல்ல நழுவித் திரும்பி வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது சரியாக இருந்தால் அதற்கு வேக்கம் கொண்டுவரும் சின்னக் குழாய்களையும், நடுவில் இருக்கும் சோலனாய்டு வால்வையும் பாருங்கள். எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் என்றால் ஸ்கேனர் வழியாக இயக்கிப் பார்க்கலாம்.

மூன்றாவது, வெளியேறும் வழி. சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் துகள் ஃபில்டரோ கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோ அடைத்திருந்தால் எக்ஸாஸ்ட் வாயு நகர இடமில்லாமல் டர்பைனைச் சுழற்றாது. வண்டி இழுக்காமல் போவது மட்டும் இல்லை. அந்தப் பின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து நல்ல டர்போவையும் நாளடைவில் கொன்றுவிடும். நான் மேலே சொன்ன கொலைகாரர்களில் அதிகம் பேர் கவனிக்காதவன் இவன்தான்.

திறந்தபடி சிக்கிய ஈஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்புவது), அழுக்குப் பிடித்த காற்றளவு சென்சார் இரண்டும் இதே அறிகுறியைத் தரும். இவ்வளவும் சரி என்றான பிறகுதான் டர்போவின் மேல் கை வைக்க வேண்டும்.

அறிகுறி: மேடு ஏறும்போது பிக்கப் செத்துவிடுகிறது, அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது

டீசல் வண்டியில் இப்படி நடந்தால், உள்ளே நகரும் இதழ்கள் கொண்ட டர்போவில் அந்த இதழ்கள் கரியில் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். குறைந்த வேகத்தில் இதழ்கள் வழியைக் குறுக்கி வாயுவைப் பாய வைக்கும், வேகம் ஏறினால் விரியும். குறுகிய நிலையில் சிக்கினால் தேவைக்கு மேல் பூஸ்ட் வரும். என்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துவிடும். இதைத்தான் லிம்ப் மோட் என்கிறோம். அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டர் கணக்கை மறந்து மீண்டும் வாய்ப்புத் தருகிறது, அவ்வளவுதான். நோய் அப்படியேதான் இருக்கும்.

குட்டிக் குட்டி ஓட்டமாகவே ஓடும் வண்டிகளில் இது அதிகம். என்ஜின் முழுசாகச் சூடேறாமலே நாட்கள் போகும், கரி படியும். கோரில் ஆட்டம் இல்லையென்றால் இது சுத்தம் செய்தால் தீரக்கூடிய நோய். டர்பைன் பக்க உறையைக் கழற்றி, இதழ்களையும் அவற்றைச் சேர்த்துத் திருப்பும் வளையத்தையும் கரி போகச் சுத்தம் செய்ய வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: இதழ்கள் எவ்வளவு தூரம் மூடலாம் என்பதை நிர்ணயிக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை யாரும் திருகக் கூடாது. காற்றோட்டத்தை அளக்கும் கருவியில் வைத்து அமைத்த அளவு அது. "கொஞ்சம் திருகினா பிக்கப் கூடும்" என்று யாராவது சொன்னால் டர்போவைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சுத்தம் செய்த பிறகும் இதழ்களின் முனைகளில் தேய்மானமோ, வளையத்தில் பள்ளமோ தெரிந்தால் சில மாதங்களில் மறுபடி சிக்கும். அப்போது பழுது பார்ப்பது வீண் செலவு.

அறிகுறி: சத்தம்

டர்போ விசில் அடிப்பது இயல்புதான், புதிதிலிருந்தே இருக்கும். கவலைப்பட வேண்டியது அந்த விசில் மாறும்போது. வாரத்துக்கு வாரம் சத்தம் கூடி, ஆம்புலன்ஸ் சைரன் போல வேகத்தோடு ஏறி இறங்கினால் வீலின் சமநிலை கெட்டிருக்கிறது. பேரிங் தேய்ந்திருக்கும் அல்லது இறக்கையில் அடி பட்டிருக்கும்.

உலோகம் உரசும் கரகர சத்தம் என்றால் வீல் உறையைத் தொட ஆரம்பித்துவிட்டது. இதற்கு அப்புறம் ஓட்டக் கூடாது. பட்டறை பக்கத்தில்தானே என்று நினைக்காமல் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பெட்ரோல் டர்போக்களில் இன்னொரு சத்தம் உண்டு. தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது மாதிரி, லேசாக மிதிக்கும்போதோ காலை எடுக்கும்போதோ கேட்கும். அது வேஸ்ட்கேட் (மிஞ்சிய எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் வாய்) மூடியின் தண்டும் அது திரும்பும் துளையும் தேய்ந்து ஆடும் சத்தம். கோருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சில மாடல்களுக்கு ஆட்டத்தை அடக்கும் கிளிப் கிடைக்கிறது, பூஸ்ட் சரியாக வருகிறவரை அதுவே போதும். மூடி முழுசாக உட்காராமல் பூஸ்ட் குறைய ஆரம்பித்துவிட்டால் டர்பைன் உறையை மாற்ற வேண்டியிருக்கும்.

அறிகுறி: நீலப் புகை, ஆயில் குறைகிறது

அவசரப்பட்டுப் பணத்தை இழக்கும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் எரிய டர்போ ஒரு வழி மட்டுமே. பிஸ்டன் ரிங், வால்வ் சீல், அடைத்துக்கொண்ட பிரீதர் (என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) எல்லாம் இதே புகையைத்தான் தரும். இன்டர்கூலர் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, "பாருங்க ஆயில்" என்று காட்டுவார்கள். மெல்லிய ஈரம் இருப்பது சாதாரணம். என்ஜினின் பிரீதர் ஆவி அந்த வழியாகத்தானே போகிறது. குழாயைச் சாய்த்தால் ஒழுகும் அளவுக்கு இருந்தால்தான் கவலை.

இன்னொன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். டர்போவுக்குள் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன உலோக வளையங்கள்தான் இருக்கின்றன. இரண்டு பக்கமும் வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்தம் இருப்பதாலும், உள்ளே வந்த ஆயில் தன் எடையிலேயே கீழே வடிந்துவிடுவதாலும்தான் ஆயில் வெளியே வருவதில்லை. இந்த இரண்டில் ஒன்று கெட்டாலும் புத்தம் புது டர்போகூட ஆயில் கக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் கம்ப்ரஸர் பக்கம் உறிஞ்சல் கூடி ஆயிலை இழுக்கும். ஆயில் திரும்பும் குழாய் கரியால் குறுகியிருந்தாலோ, நசுங்கியிருந்தாலோ, கேஸ்கெட்டுக்குப் பதில் பூசிய சிலிகான் பசை உள்ளே பிதுங்கி வழியை அடைத்திருந்தாலோ ஆயில் தேங்கி இருபுறமும் வழியும். பேக் கம்ப்ரஷன் அடிக்கும் என்ஜினில், அதாவது எரியும் வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் என்ஜினில், ஆயில் தொட்டியான சம்ப்பின் அழுத்தமே ஆயிலைக் கீழே இறங்க விடாது. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றி வைத்தாலும் இதே கதை.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று அழுத்தத்தோடு வந்தால் என்ஜினைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அடுத்து, டர்பைனுக்கு வாயு வரும் வாயையும் வெளியேறும் வாயையும் பாருங்கள். வரும் பக்கமே ஆயிலில் நனைந்திருந்தால் ஆயில் என்ஜினிலிருந்து வருகிறது, டர்போ நிரபராதி. வரும் பக்கம் காய்ந்து, வெளியேறும் பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் டர்போதான் கசிகிறது. காற்றுப் பக்கமும் அதே முறை: கம்ப்ரஸருக்கு முன்னால் இருக்கும் குழாய், பிரீதர் வந்து சேரும் இடத்திலிருந்தே நனைந்திருந்தால் பிரீதரைப் பாருங்கள். முன்னால் காய்ந்து பின்னால் மட்டும் குளமாக இருந்தால் டர்போ.

டீசல் வண்டிக்காரர்கள் இதை மட்டும் மறக்கக் கூடாது. டர்போ காற்றுப் பக்கம் தாராளமாக ஆயில் விட ஆரம்பித்தால், என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கி ஓடத் தொடங்கிவிடலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுசாக அழுத்தி, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு என்ஜினைத் திணறடித்து நிறுத்த முடியும். முடியாவிட்டால் எல்லோரும் வண்டியை விட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும். கையால் காற்று வாயை மூடப் பார்ப்பது விரலுக்கு உலை வைக்கும். அதனால்தான் நீலப் புகையோடும் குறையும் ஆயிலோடும் டீசல் வண்டியை "இன்னும் ஒரு வாரம் ஓட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது.

வெள்ளைப் புகையும் கூலன்ட் குறைவும் சேர்ந்து வந்தால், தண்ணீரால் குளிரும் டர்போவில் நடு உடல் விரிசல் விட்டிருக்கலாம். அது அபூர்வம். முதலில் ஹெட் கேஸ்கெட்டையும் ஈஜிஆர் கூலரையும் பாருங்கள்.

கையால் பிடித்துப் பார்ப்பது

எல்லாச் சந்தேகமும் இங்கேதான் தீரும். என்ஜின் அணைந்து, நன்றாக ஆறியிருக்க வேண்டும். கம்ப்ரஸருக்குக் காற்று வரும் குழாயைக் கழற்றினால் வீலும் அதன் நடுவில் நட்டும் தெரியும்.

நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கொஞ்சம் ஆடும். பதற வேண்டாம், அது ஆட வேண்டும். ஓடும்போது ஆயில் படலம் உட்காரும் இடைவெளி அது, இப்போது ஆயில் அழுத்தம் இல்லாததால் கையில் தெரிகிறது. "ஷாஃப்ட் ஆடுது" என்று இதைக் காட்டியே டர்போ விற்பவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது வேறு: ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்றினால் இறக்கை உறையைத் தொடுகிறதா? எல்லாத் திசையிலும் அழுத்திச் சுற்றிப் பாருங்கள். தொட்டால், அல்லது உறையின் உள்சுவரில் உரசிய வளையம் பளபளவென்று தெரிந்தால், கோர் முடிந்தது.

அடுத்து நட்டை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். இந்தத் திசையில் கையால் உணரும் அளவுக்கு ஆட்டமே இருக்கக் கூடாது. டயல் கேஜ் வைத்து அளந்தால் பொதுவாக 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் டர்போவுக்கான சரியான அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் உண்டு. "டக் டக்" என்று கையில் தட்டினால், ஷாஃப்ட் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது. பக்கவாட்டு ஆட்டத்தை மன்னிக்கலாம், இதை மன்னிக்கவே முடியாது.

இப்போது சுண்டிச் சுற்றிவிடுங்கள். வழுவழுப்பாகச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். பிசின் மாதிரி இழுத்துப் பிடித்தால் உள்ளே ஆயில் கரியாகி இறுகியிருக்கிறது.

இறக்கைகளை டார்ச் அடித்துப் பாருங்கள், யார் கொன்றது என்று அவை சொல்லும். முன்விளிம்பு உப்புத்தாள் தேய்த்தது போல மழுங்கியிருந்தால் தூசி. ஏர் ஃபில்டர் பெட்டி சரியாக மூடவில்லை, அல்லது குழாயில் ஓட்டை. பல் உடைந்தது போல வெட்டுகள் இருந்தால் ஏதோ ஒரு திடப்பொருள் உள்ளே போயிருக்கிறது. போன சர்வீஸில் தவறவிட்ட வாஷரோ நட்டோகூட இருக்கலாம். டர்பைன் பக்க இறக்கையில் அடி என்றால் இன்னும் மோசம். அது என்ஜினுக்குள்ளிருந்து வந்த துண்டு, வால்விலிருந்தோ குளோ பிளக் முனையிலிருந்தோ பிய்ந்து வந்திருக்கும். அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை வேறு டர்போவை மாட்டக் கூடாது. வளைந்த இறக்கையை இடுக்கியால் நிமிர்த்துவதும் கூடாது. இரண்டு லட்சம் சுற்றில் ஒரு கிராமில் சிறு பங்கு எடை மாறினாலும் பேரிங் தாங்காது.

கோரைப் பிரித்திருந்தால் ஷாஃப்டைக் காட்டச் சொல்லுங்கள். நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் போய்ச் சேரவில்லை. ஆயில் வரும் குழாயோ, அந்தக் குழாயைப் பிணைக்கும், துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் உள்ளே இருக்கும் சல்லடையோ அடைத்திருக்கும். நீளவாட்டில் இல்லாமல் சுற்றிலும் கோடு கோடாகக் கீறியிருந்தால் ஆயில் போயிருக்கிறது, ஆனால் அழுக்கோடு போயிருக்கிறது. கறுப்பு ஓடு படிந்திருந்தால் சூடான என்ஜினை உடனுக்குடன் அணைத்த பழக்கம், அல்லது ஆயில் மாற்றும் காலத்தை ரொம்பத் தள்ளிப்போட்டது.

இப்போது முடிவெடுக்கலாம்

கோரில் குறை இல்லை, கோளாறு ஹோஸிலோ வேக்கத்திலோ ஆக்சுவேட்டரிலோ என்றால் அதை மட்டும் மாற்றுங்கள். ஆக்சுவேட்டர் தனியாகக் கிடைக்காது, முழு டர்போதான் என்று சொன்னால் வேறு இடத்தில் கேளுங்கள். பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது. ஆனால் மாட்டிய பின் அதன் நகர்வு அளவை அமைத்துத் தர வேண்டும், போல்ட் முடுக்கினால் மட்டும் வேலை முடியாது.

கோர் தேய்ந்திருக்கிறது, இரண்டு பக்க உறைகளும் உரசாமல் விரிசல் இல்லாமல் நன்றாக இருக்கின்றன என்றால், சமநிலைப்படுத்திய புதுக் கோரை மட்டும் மாற்றலாம். டர்பைன் உறையில் வேஸ்ட்கேட் வாயைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் தெரிவது சகஜம், வெளிச்சுவர் வரை ஊடுருவாதவரை அதற்குப் பயப்பட வேண்டாம். இதழ் வகை டர்போவில் கோரை மாற்றினால் காற்றோட்ட அளவையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இந்தக் கருவி இல்லாத இடத்தில் இதழ் டர்போவுக்குக் கோர் மாற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பேரிங்கும் வளையங்களும் மட்டும் அடங்கிய ரிப்பேர் கிட் போட்டு முடித்துவிடலாம் என்பார்கள். ஷாஃப்டைத் தேய்மானத்துக்கு அளந்து, பேரிங் உட்காரும் துளையையும் அளந்து, கடைசியில் அதிவேக பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றித் தருகிற இடம் என்றால் சரி. மேஜையில் வைத்து மாற்றித் தருகிற இடம் என்றால் வேண்டாம்.

ஷாஃப்ட் முறிந்திருந்தால், உறைகள் கிழிந்திருந்தால், இதழ்களும் தேய்ந்து கோரும் தேய்ந்திருந்தால் முழு டர்போவும் மாற்றுவதே வழி. சில என்ஜின்களில் டர்பைன் உறையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே வார்ப்பு. அங்கே உறை போனால் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். முழுசாக மாற்றும்போது புது ஒரிஜினல், பொறுப்பான இடத்தில் ரீகண்டிஷன் செய்தது, பெயர் தெரியாத நகல், உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது என்று நான்கு கதவுகள் திறக்கும். ரீகண்டிஷன் என்றால் பேலன்சிங் அறிக்கையையும், இதழ் வகையில் காற்றோட்ட அறிக்கையையும் அந்த டர்போவின் எண்ணோடு கேட்டு வாங்குங்கள். காட்டத் தயங்கினால் அந்த ரீகண்டிஷன் வெறும் பெயின்ட்தான். நகலைப் பற்றி ஒரே வரி: மலிவாக இருப்பதற்குக் காரணம் வெளியே தெரியாத இடத்தில் இருக்கும், அதாவது பேரிங்கில். உடைத்த வண்டியின் டர்போவில் மேலே சொன்ன கைச்சோதனை எல்லாம் செய்து பார்க்கலாம். ஆனால் எத்தனை கிலோமீட்டர், என்ன ஆயில் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எதை வாங்கினாலும் பழைய டர்போவின் தகட்டில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஒரே என்ஜினுக்கு ஆண்டுக்கு ஆண்டு வேறு டர்போ வந்திருக்கும். உட்காருகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை.

பணக் கணக்கில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. கழற்றி மாட்டும் கூலி எந்த வழியில் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மலிவு வழி ஆறு மாதத்தில் கைவிட்டால் அந்தக் கூலியை இரண்டாம் முறை கொடுக்கிறீர்கள். என் சொந்த அளவுகோல்: பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால், வண்டியை இன்னும் சில வருடம் வைத்திருக்கப் போகிறேன் என்றால், புதிது. விற்கப் போகிறேன் என்றால் கோர். பேக் கம்ப்ரஷன் அடிக்கும் என்ஜின் என்றால் இரண்டுமே இல்லை. என்ஜினைச் சரிசெய்யாமல் அதில் மாட்டும் எந்த டர்போவும் புகையைத்தான் தரும்.

மாட்டும்போது

பழைய கொலைகாரனைத் துரத்தும் வேலை இங்கேதான் நடக்க வேண்டும். ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் புதிது. ஆயில் வரும் குழாயைச் சுத்தம் செய்வதைவிட மாற்றிவிடுவது நல்லது, உள்ளே ஒட்டிய கரி முழுசாக வராது. திரும்பும் குழாயின் வழி திறந்திருக்கிறதா, தொய்வில்லாமல் கீழ்நோக்கியே இறங்குகிறதா என்று பாருங்கள். ஆயில் ஃபிளாஞ்சுகளில் கேஸ்கெட் மட்டும், பசை வேண்டாம். வீல் உடைந்திருந்தால் அலுமினியத் துண்டுகள் இன்டர்கூலரில் ஒளிந்திருக்கும்; கழுவினால் போகாது என்ற சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். புது டர்போ முதல் நாள் தரும் முழு பூஸ்டில் அவை நேராக சிலிண்டருக்குள்தான் போகும். நிறைய ஆயில் கக்கிய டர்போ என்றால் துகள் ஃபில்டரையும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் சோதிக்காமல் விடக் கூடாது.

ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி, வீலைக் கையால் சில சுற்று சுற்றிவிடுங்கள். எரிபொருளைத் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் என்ஜினைச் சுழல விடுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஐடிலில் ஓடட்டும். ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம்.

முதல் ஓட்டத்தில் நீலப் புகை வந்தால் உடனே புதியதைப் பழிக்காதீர்கள். பழைய டர்போ கக்கிய ஆயில் சைலன்சரில் தேங்கியிருக்கும், அது எரிந்து தீரக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். இருநூறு கிலோமீட்டர் போனதும் ஆயில் அளவைப் பார்த்து, கிளாம்ப்களை ஒருமுறை முடுக்குங்கள். அதற்கு அப்புறமும் புகை நிற்கவில்லை என்றால் டர்போவைக் கழற்றுவதற்கு முன் ஆயில் திரும்பும் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.